கோபுரமும் டவரும்

இதில் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது, கடைசியில். அதற்குமுன் ஒருவர் இரண்டு நாள் வாந்தியெடுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தவர் தணிகாசலம். ஐம்பத்திரண்டு வயது, சேலம் பஸ் டிப்போவில் வண்டிகளைச் சோதிக்கிறவர். கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கப்போவதாக டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டுத் தூத்துக்குடி வந்திருந்தார். குமட்டலுக்கான மாத்திரையைப் படகேற ஒரு மணி நேரம் முன்பே போட்டார். இரண்டு இட்லிக்கு மேல் தொடவில்லை. ஆனால் படகு கிளம்பியதும் குனிந்துவிடுவார். குழாய், வால்வு, சிலிண்டர் என்று தடவித் தடவிச் சோதிப்பார். கால் மணி நேரத்தில் கவரைத் தேடுவார். இந்த நிலையில் தண்ணீருக்குள் இறக்க மாட்டேன் என்று இரண்டு நாளும் மறுத்துவிட்டாள் மூழ்கக் கூட்டிப்போகிற மாஸ்டர் ஜெனோவா. அவளுக்கு அவர் மகள் வயது.

மூன்றாம் நாள்தான் கடைசி. புதுக் கவர் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படகில் ஏறினார்.

"மாஸ்டர், இந்தக் குமட்டல எப்படித்தான் அடக்குறது?"

"அத விடுங்க சார். ஜி.பி.எஸ். படுத்துடுச்சு."

படகோட்டி சூசையும் உச்சுக்கொட்டினார். கரையில் மாதா கோயில் கோபுரமும் செல்போன் டவரும் தெரிகிறதா என்று ஜெனோவா கேட்டாள். போகப்போக இரண்டும் நெருங்குமாம். கோபுரம் டவரை மறைக்கிற இடத்தில்தான் அவர்கள் மூழ்க வேண்டிய பாறை. வலை போட்ட காலத்தில் அவள் அப்பா அப்படித்தான் இடம் பிடிப்பாராம்.

"சோதிக்கிற கண்ணு உங்களுக்குத்தான் சார் இருக்கு. ஒரு நொடி விட்டா போச்சு."

தணிகாசலம் நடுப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிலிண்டர் மறந்துபோயிற்று. இன்னும் இரண்டு விரல் இடைவெளி, ஒரு விரல் என்று அறிவித்தபடியே வந்தார். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் பார்வை கரையை விட்டு நகரவில்லை.

"மறைஞ்சிடுச்சு மாஸ்டர். நிறுத்தச் சொல்லுங்க."

சூசை நிறுத்தினார்.

அரை மணி நேரம் கிளிமீன்களோடு இருந்துவிட்டு மேலே வந்தவர், கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். ஆரஞ்சு நிறத்தில் பெரிய மிதவை. பாறையோடு கட்டிய கயிறெல்லாம் பாசி.

"இது எப்பக் கட்டுனது மாஸ்டர்?"

"மூணு வருஷம் இருக்கும் சார்."

"தூரத்துலயிருந்து தெரியுமா?"

"பாதி வழியிலயே தெரியும். திரும்பிப் பாத்திருந்தா."

தணிகாசலம் மிதவையைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். இன்று ஒரு முறைகூடக் குமட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"படகுல உங்க சட்டைப் பையில அந்தக் கவர் சும்மாதான இருக்கு, ஏறினதும் குடுங்க சார்," என்றாள் ஜெனோவா. "சூசையண்ணன் மீன் கொண்டு போகட்டும்."