ஓணான் வாத்தியார் கேட்ட கதை

அந்தக் காலத்தில், மரம் மட்டை எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓணானுக்குக் கழுத்தில் சிவப்பும் கிடையாது, தலையை ஆட்டுகிற பழக்கமும் கிடையாது. ஆள் விறைப்பாக இருப்பார். என்னடா, ஓணானைப் போய் ‘அவர்’ என்கிறானே என்று பார்க்காதீர்கள். அவர் வாத்தியார். மரியாதை கொடுக்கத்தானே வேண்டும்?

ஆற்றங்கரை மணல்தான் பள்ளிக்கூடம். முயல்குட்டி, மைனாக்குஞ்சு, நண்டுக்குஞ்சு, சிப்பி என்று ஒரு ஆமைக்குட்டி, இன்னும் சில வாண்டுகள். பிள்ளைகள் மணலில் எழுதுவார்கள். சரியாக இருந்தால் ஓணான் ஒரு கீறல் போடுவார். தப்பாக இருந்தால் வாலால் சரக்கென்று ஒரே அழி. எழுத்தும் கணக்கும் இப்படியே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

ஒருநாள் காட்டுக்குப் பெரியவரான எருமை அசை போட்டபடி வந்தது. “வாத்தியாரே, இனிமே பிள்ளைங்க சொந்தமா கதை எழுதணும். சொல்லிக் குடுத்துடுங்க” என்றது. அவ்வளவுதான், திரும்பி நடையைக் கட்டிவிட்டது.

ஓணானுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. அவர் பிறந்ததிலிருந்து ஒரு கதைகூட எழுதியதில்லை. இரண்டும் இரண்டும் நாலு, அது சரி. ஐந்து என்றால் தப்பு. கதையில் எது சரி, எது தப்பு? யாரைப் போய்க் கேட்பது? வாத்தியார் போய்க் கேட்டால் மானம் என்னாவது? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு சட்டம் போட்டார். முதலில் ஊர், அப்புறம் ஆள், அப்புறம் தொல்லை, அப்புறம் முடிவு.

முயல்குட்டி எழுதியது: ‘ஒரு ஊரில் ஒரு முயல். அதற்குத் தொல்லை வந்தது. தொல்லை போனது.’ நண்டுக்குஞ்சும் அதையே எழுதி, முயலை எடுத்துவிட்டு நண்டைப் போட்டது. மைனாவுக்கு அந்தச் சிரமமும் இல்லை, பக்கத்தில் பார்த்து முயலையே எழுதிவிட்டது. சட்டப்படி எல்லாம் சரி. ஓணான் கீறல் போட்டுக்கொண்டே போனார். ஆனால் எல்லாம் சரியாக இருந்தும் தனக்கு ஏன் இப்படிக் கொட்டாவி வருகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

சிப்பி மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். ஓணான் குனிந்து படித்தார். ‘ஒரு கல் கடலைப் பார்க்கப் புறப்பட்டது.’

“ஊர் எங்கே?”

“தெரியலைங்கய்யா. அது போய்க்கிட்டே இருக்கு.”

“கல்லுக்கு ஏது காலு? எப்படிப் போகும்?”

“மெதுவாத்தான் போகும்.”

“சரி, முடிவு என்ன?”

“அதுவும் இன்னும் தெரியலைங்கய்யா.”

மற்ற வாண்டுகள் கெக்கெக்கே என்று சிரித்தன. வாத்தியாருக்குக் குழப்பம் கோபமாகத் திரும்பியது. ஊரும் இல்லை, முடிவும் இல்லை, இது என்ன கதை! வாலைத் தூக்கிச் சரக்கென்று அழித்துவிட்டார்.

சிப்பி அழவில்லை. தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். அப்படியே இருந்துவிட்டாள்.

சாயங்காலம் அவள் அம்மா வந்து உருட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் அதே மாதிரி உருட்டிக்கொண்டு வந்து வாத்தியார் முன்னால் நிறுத்தினாள். “பிள்ளை ஒரு வாய் தழைகூடத் தின்னலை. கூப்பிட்டா ஏன்னு கேக்கலை. நீங்கதானே அவளை உள்ளே அனுப்பினீங்க? நீங்களே வெளியே கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓணான் அந்த ஓட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். தப்பை அழிப்பதுதானே வாத்தியார் வேலை? நேற்றுவரை அதற்கு யாரும் சாப்பிடாமல் இருந்ததில்லையே! எருமையைக் கேட்டார். “அதட்டுங்க, தானா வரும்” என்றது. அதட்டினார். ஓடு இன்னும் இறுகியது. மைனாவின் அம்மாவைக் கேட்டார். “கொஞ்சிப் பாருங்களேன்” என்றது. கொஞ்சினார். அவர் குரல் அவருக்கே சகிக்கவில்லை.

வேறு வழி தெரியாமல், “சரி கண்ணு, கல்லுக்குக் கால் இருந்துச்சு. கடலுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. முடிஞ்சுது” என்றார்.

“அது அப்படி இல்லை” என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. மூக்கு நுனி எட்டிப் பார்த்தது.

“பின்னே எப்படி...” என்று ஓணான் வாயெடுத்தார். மூக்கு பொசுக்கென்று உள்ளே போய்விட்டது.

‘அட, நான் வாயைத் திறந்தால்தான் போகிறதா?’ ஓணான் வாயை இறுக்க மூடிக்கொண்டார். ஆனால், நான் கேட்கிறேன், நீ சொல்லு என்று எப்படிச் சொல்வது? வாயை விட்டால் தலைதானே மிச்சம்? அதை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார்.

மூக்கு வந்தது. கண் வந்தது. “கல்லை ஆறு உருட்டிக்கிட்டுப் போச்சு” என்றாள் சிப்பி.

‘அதைத்தானே கேட்டேன், அப்பவே சொல்லியிருக்கலாமே’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினார்.

“உருள உருளத் தேஞ்சு போச்சு. கடல் வர்றப்போ அது கல்லா இல்லை, மணலாயிடுச்சு.”

‘மணலுக்குக் கண் ஏது, எப்படிக் கடலைப் பார்க்கும்?’ அதையும் விழுங்கினார். விழுங்கிய வார்த்தையெல்லாம் அடைத்துக்கொண்டு கழுத்து உப்பியது, தீப்பட்டதுபோல் சிவந்தது. ஆனாலும் தலை ஆடுவது நிற்கவில்லை. கொட்டாவி வரவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தார். இந்தக் கல் என்ன ஆகுமோ என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

சிப்பி முழுசாக வெளியே வந்து, அம்மா நீட்டிய தழையை மென்றுகொண்டே யோசித்தாள். “மணல் கடலைப் பாத்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியலைங்கய்யா. நேரா போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன். இங்கேயே இருங்க.”

அவளும் அம்மாவும் ஆற்றோடு நடந்தார்கள். ஆமை நடை. எப்போது போய்ச் சேர்ந்து, எப்போது திரும்பி வருவது? ஓணான் பக்கத்து வேலியில் ஏறி உட்கார்ந்து வழியையே பார்த்தார். கதை எழுதச் சொல்லிக் கொடுத்தோமா இல்லையா என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. மிச்சக் கதை மட்டும் வேண்டியிருந்தது.

அன்று முதல்தான் ஓணானுக்குக் கழுத்து சிவந்துபோனது. அன்று முதல்தான் அது வேலியில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை வந்தாலும் ‘சொல்லு, அப்புறம்?’ என்று தலையை ஆட்டுகிறது. நாமோ அதை அடிக்கக் குனிந்து கல்லைத்தான் எடுக்கிறோம். அந்தக் கல்லின் கதையை இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.