அழுகைக்கும் துதிக்கும் நடுவே

“இந்தப் பாட்டுக்காரன் பொய் சொல்றானா, டீச்சர்?”

ஞானதிரவியம் ஐயர் வந்து உட்கார்ந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்ட கேள்வி இது.

எப்சிபா டீச்சர் பாளையங்கோட்டையில் எபிரேயம் சொல்லிக்கொடுப்பவர். ஐயருக்கு மகள் வயதுதான் இருக்கும். ஐயரோ செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன சபைக்குப் போதகர். மனைவி ரூபாவதி இறந்தபிறகு, இந்த வயதில் இது எதற்கு என்று ஊரே கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாமல், பஸ் மாறிப் பஸ் மாறி வந்து படித்தார்.

மேசையில் ஒரு பழைய எபிரேயப் புலம்பல் பாட்டு திறந்து கிடந்தது. பாதி வரைக்கும் ஒரே அழுகை. கடவுளோடு நேருக்கு நேர் சண்டை. அப்புறம் திடீரென்று, கடவுள் கேட்டுவிட்டார் என்று பாட்டுக்காரன் துதி பாடத் தொடங்கிவிடுகிறான். நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

ஐயர் படித்துப் பார்க்காமல் இல்லை. கோயிலில் ஆசாரியன் எழுந்து ஆறுதல் சொல்லியிருப்பான், அது ஏட்டில் ஏறவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். இரண்டு பாட்டை யாரோ ஒன்றாகத் தைத்துவிட்டார்கள் என்று சிலர். ஜெபித்து ஜெபித்து மனசு தானே தேறியது என்று வேறு சிலர்.

“இதுல எது சரி?”

“எல்லாத்துலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, ஐயா.”

“எனக்குச் சலிச்சுப்போச்சு, டீச்சர்.”

ஐயரே மிச்சத்தையும் கொட்டினார். ரூபாவதியை அடக்கம் பண்ணியதிலிருந்து, துதி வருகிற இடத்தில் அவருக்கு நாக்கு புரள்வதில்லை. இதுவரை புலம்பல் வராத பாட்டாகப் பொறுக்கிப் பொறுக்கிக் காலத்தை ஓட்டிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கோ, சபைகளுக்கெல்லாம் மேலிடமான திருமண்டலமே இந்தப் பாட்டைக் குறித்துவிட்டது. மனசில் இல்லாததைப் பீடத்தில் நின்று வாசிக்க அவரால் ஆகாது. அன்றைக்கு வாசிக்க முடியாவிட்டால் போதகர் அங்கியைக் கழற்றிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தார்.

“உங்க சபையில இத எப்படி வாசிப்பீங்க?” என்று டீச்சர் கேட்டார்.

“எல்லா ஊரையும் போலத்தான். ஒரு வசனம் நான், ஒரு வசனம் சபை.”

“துதி தொடங்குற வசனம் யாருக்கு வரும்?”

ஐயர் விரல்விட்டுப் பார்த்தார். “எனக்கு.”

டீச்சர் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். அழுகை முடிந்து துதி தொடங்குவதற்கு முன்னால் இருந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க ஒண்ணும் எழுதல, ஐயா. எழுதாததை நான் எப்படிச் சொல்லிக்கொடுக்க?”

“அப்போ நான் என்ன செய்ய?”

“முடியிற வரைக்கும் வாசிங்க. முடியாத இடத்துல நிறுத்திருங்க.”

“நிறுத்திட்டு?”

டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார்.

இதற்கா இத்தனை பஸ் ஏறி வந்தோம் என்று ஐயருக்கு எரிச்சலாக வந்தது. வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை அழுகைப் பாதி சுலபமாகப் போயிற்று. அதை வாசிக்க அவருக்குச் சிரமமே இல்லை. சொந்த வீட்டுச் செய்தி மாதிரி வந்தது. சபையும் தன் வசனங்களை வழக்கம்போல ராகம் போட்டு இழுத்தது.

அந்த இடம் வந்தது. ஐயர் நிறுத்தினார்.

பக்கத்தைத் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை எழுந்து வந்து வசனத்தைத் தொட்டுக் காட்டினார். ஐயர் இல்லை என்று தலையை ஆட்டினார். கோயில்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, போய் உட்கார்ந்துகொண்டார்.

ஐயருக்கு அவமானமாக இருந்தது. அங்கியின் பித்தானில் கை போய்விட்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. தங்கபுஷ்பத்தின் குரல். போன வருஷம் கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் மகனுக்கு வெறும் பெட்டியை வைத்து ஐயர்தான் ஜெபம் பண்ணியிருந்தார். அதன்பிறகு கோயிலில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

அவள் ஐயருடைய வசனத்தை வாசித்தாள். துள்ளலும் இல்லை, ராகமும் இல்லை. கரகரவென்று, எழுத்துக்கூட்டுகிற மாதிரி வாசித்தாள். பாதியில் பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். பிறகு ஆண்கள் பக்கமும் முன்னும் பின்னுமாகச் சேர்ந்து, அந்த வசனம் எப்படியோ முடிந்தது.

அடுத்தது சபையின் வசனம். சபை அதை வாசிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐயர் பித்தானிலிருந்து கையை எடுத்தார். பீடத்திலிருந்து இறங்கி, முன்வரிசை பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, அதை வாசித்தார்.