தேவாங்கு ஏன் குதிப்பதில்லை

அந்தக் காலத்தில், குரங்கும் மனுஷனும் ஒரே ஊற்றில் தண்ணீர் குடித்துவிட்டு ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த காலத்தில், காட்டிலேயே நன்றாகக் குதிக்கிறவள் யார் என்று கேட்டால் எல்லோரும் தேவாங்கைத்தான் கை காட்டுவார்கள். சிரிக்காதீர்கள். ஒல்லியாக ஒருவன் மெல்ல நடந்து வந்தால் "வாடா தேவாங்கு" என்கிறோமே, அந்தத் தேவாங்கேதான். அப்போது அவளுக்கு மிளகு அளவுக்குச் சின்னக் கண். கால் ஓர் இடத்தில் நிற்காது. இந்தக் கிளையில் இருக்கிறாளே என்று நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நாலு மரம் தள்ளி நின்று கூப்பிடுவாள். பகலெல்லாம் ஆட்டம், பாட்டு. வாயும் கொஞ்சம் நீளம்தான்.

அவள் குடியிருந்தது முடிமலை உச்சியில் இருந்த சோலையில். மலைக்குக் கீழே முள்ளும் கல்லும்தான். மூச்சு வாங்க ஏறி உச்சிக்கு வந்துவிட்டால் குளுகுளுவென்று நிழல், நடுவில் ஓர் ஊற்று, ஊற்றங்கரைப் பாறைமேல் கிளை நீட்டி நிற்கும் பெரிய நாவல் மரம். காலை வெயில் ஏறுகிற நேரத்துக்கு மலையில் உள்ள அத்தனை உயிரும் அங்கே வந்து சேரும். மான்குட்டியும் முயலும் ஓடிப்பிடித்து விளையாடும். சிறுத்தைகூட வந்து ஓரமாகப் படுத்து வேடிக்கை பார்க்கும். சோலைக்குள் யாரும் நகம் நீட்டக் கூடாது, அது அங்கே கட்டுப்பாடு. "மலைமேலே விட்டது மடியிலே விட்ட மாதிரி" என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள்.

தேவாங்கு அந்தப் பேச்சை உயிராக நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள் பாவம்? அடிவாரத்தில் இருந்தபோது பெற்ற பிள்ளைகள் இரண்டையும் பறிகொடுத்தவள் அவள். ஒன்றைப் பாம்பு கொண்டுபோயிற்று, இன்னொன்றை ஆந்தை. அடுத்தது வயிற்றில் இருக்கும்போது அழுதுகொண்டே மலை ஏறி வந்தாள். சோலையில்தான் அந்தப் பெண்பிள்ளை பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பொட்டு என்று பெயர் வைத்தாள்.

பொட்டுவை நாவல் மரக்கிளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் இரை தேடப் போவாள். திரும்பும்போது பக்கத்து மரத்திலிருந்து ஒரே தாவல்! கிளை மேலும் கீழும் ஊஞ்சலாகும். பொட்டு கெக்கெக்கென்று சிரித்துவிட்டு, "இன்னொரு தடவைம்மா" என்று கேட்கும். அவளும் மறுபடி போய் மறுபடி தாவுவாள். தாய்க்கும் பிள்ளைக்கும் அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு மழை பொய்த்தது. ஆடியில் காற்று மட்டும் வந்தது. ஐப்பசியில் அதுவும் வரவில்லை. அடுத்த வருஷமும் அதே கதை. ஊற்று சேறாகி, சேறு வெடித்தது. காலை ஆட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் சிறுத்தை சோலை எல்லையில் வந்து நின்று, "பசி தாங்கலம்மா. இனிமேல் உள்ள வந்தா கட்டுப்பாட்டை மீறிடுவேன். நான் வெளியவே இருந்துக்கிறேன். நீங்களும் சூதானமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அன்றே மான்கூட்டம் மலையைவிட்டு இறங்கியது.

கடைசியாகக் கிளம்பினாள் பக்கத்து மரத்து மலையணில். தேவாங்கும் அவளும் நாளைக்கு நாலு சண்டை போடுவார்கள், ஆனால் ஒருத்தியை விட்டு ஒருத்தி சாப்பிட மாட்டார்கள்.

"மதினி, கிளம்பு. பிள்ளையை வயித்தில கட்டிக்க. ஆத்தங்கரைக் காட்டுக்குப் போயிடலாம்" என்றாள் மலையணில்.

"கீழயா? கீழ இருந்து ரெண்டைத் தூக்கிக் குடுத்தது போதாதா? இதையும் குடுக்கவா?"

"இங்க மட்டும் என்ன இருக்கு? மரத்தைப் பாரு, ஒரு இலை இல்ல. நேத்து நான் கால் வச்சதுக்கே சடசடங்குது. நீ வேற தொம்முன்னு வந்து குதிக்கிறவ. பாத்து நடந்துக்கடி."

"இந்த மரமா என்னை ஏமாத்தும்? போடி போக்கத்தவளே! மலை எங்களைக் கைவிடாது. உனக்கு நம்பிக்கை இல்லாட்டி நீ போ."

"நல்லதுக்குச் சொன்னா பொல்லாப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே மலையணில் போய்விட்டாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சோலையில் தாயும் பிள்ளையும் மட்டும்தான் மிச்சம். அடிவாரத்தில் ஒரு பாறைக்குழியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. வழியில் பசித்த வாய்கள். தனியாக ஓடினால் தப்பிக்கலாம், பிள்ளையோடு ஓடினால் இரண்டு பேரும் இரை. அதனால் பொட்டுவைக் கிளையில் விட்டுவிட்டு அவள் மட்டும் தினமும் இறங்கிப் போனாள். குழியில் புரண்டு ரோமத்தை நனைத்துக்கொண்டு வந்து பிள்ளையை நக்கச் சொன்னாள். வெயிலில் பாதி ஈரம் வழியிலேயே காய்ந்துபோகும். மார்பில் பால் வற்றிவிட்டது. கையும் காலும் குச்சியாகிவிட்டன. தாவத் தெம்பில்லாமல் மரத்தில் ஊர்ந்துதான் ஏறினாள்.

"அம்மா, ஊஞ்சலாட்டும்மா" என்று கேட்கும் பொட்டு. சிரிப்பதை அது நிறுத்தி வெகுநாளாகியிருந்தது.

"மழை வரட்டும் தங்கம். மழை வர்ற அன்னிக்கு ஆட்டுறேன், போதும் போதும்னு சொல்ற வரைக்கும் ஆட்டுறேன்."

"மழை வருமாம்மா?"

"வரும். மலை நம்மளைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உள்ளுக்குள் அவளுக்கே பயம் பிடித்து ஆட்டியது. ஆனாலும் சொன்னாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் பாறைக்குழிக்குப் போனபோது அதில் ஈரம்கூட இல்லை. விரலால் தோண்டினாள். நகம் பெயர்ந்ததே ஒழியச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இன்றைக்கு என்ன கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று குழிக்குள்ளேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்போது காற்று திரும்பியது. மண்வாசனை! நிமிர்ந்து பார்த்தால் மேற்கே வானம் கன்னங்கரேலென்று இறங்கியிருந்தது. புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. மூக்கில் ஒரு சொட்டு.

அவ்வளவுதான். எங்கேயிருந்து வந்ததோ அந்தத் தெம்பு! முள்ளையும் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை, மலையை ஒரே மூச்சில் ஏறினாள். சோலை எல்லையிலிருந்தே கத்தினாள்.

"பொட்டு! மழைடி! மழை வந்துடுச்சுடி தங்கம்!"

பொட்டு தலையைத் தூக்கிப் பார்த்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அதன் வாய் மலர்ந்தது. ஒரு கையைக் கிளையிலிருந்து எடுத்து அம்மாவை நோக்கி நீட்டியது. பக்கத்து மரத்திலிருந்து தேவாங்கு தாவினாள், பழைய தாவல், அவள் வாழ்நாளிலேயே பெரிய தாவல்.

காய்ந்த கிளை அவள் கால் பட்டதும் முறிந்தது.

அவள் சருகில் விழுந்தாள். பொட்டு பாறையில் விழுந்தது.

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "தண்ணி குடி கண்ணு, தண்ணி வந்துடுச்சு பாரு, குடி" என்றாள். திறந்திருந்த சின்ன வாய் மழையில் நிறைந்தது. நிறைந்த தண்ணீர் அப்படியே வெளியே வழிந்தது.

நாவல் மரம் நடுங்கிக்கொண்டே சொன்னது: "எப்படியாவது தாங்கிடலாம்னு பாத்தேன்மா. என்னால முடியல."

அவள் மரத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலையைப் பார்த்துத்தான் கத்தினாள்: "ஏ மலையே! உன்னை நம்பித்தானே உக்காந்திருந்தேன்! மழையைக் குடுக்காம இருந்திருந்தா தாகத்தில ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிருப்போமே! என் சந்தோஷத்தையே எடுத்து என் பிள்ளையைக் கொன்னுட்டியே!"

ஊற்றில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.

புல் முளைத்தது. போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து காலை வெயிலில் ஆடினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மலையணில் மட்டும் ஆடப் போகாமல் தேவாங்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. மடியிலிருந்து பிள்ளையை வாங்கி இலை போட்டு மூடியது அவள்தான். தேவாங்கு அந்த முகத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்துக் கண் இரண்டும் பெருத்து முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டன. மற்றக் குட்டிகள் துள்ளுவதைப் பார்க்க முடியாமல் பகலெல்லாம் முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு தூங்கினாள். பொழுது சாய்ந்த பிறகே வெளியே வந்தாள். பாட்டு அத்தோடு போயிற்று.

காலம் போய் அவளுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. ஒரு சாயங்காலம் அவள் அதை நாவல் மரத்தில் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து மலையணில் பதறிப்போனாள்.

"மறுபடியும் மரத்திலயா? உனக்குப் பயமா இல்லையா மதினி?"

"தினமும் செத்துச் செத்துப் பிழைக்கிறேன். நான் தின்னாத்தானே இதுக்குப் பால் சுரக்கும்? எங்கயாவது விட்டுட்டுத்தானே போகணும்?"

"அப்போ இன்னமும் மலையை நம்புற."

தேவாங்கு வெகுநேரம் கிளையையே தடவிக்கொண்டிருந்தாள். "நம்பாட்டி பிள்ளை மேலருந்து கையை எடுக்க முடியுமாடி? மலையை நம்புறேன். என் சந்தோஷத்தைத்தான் இனிமே நம்ப மாட்டேன்."

அன்று தொடங்கியதுதான், இன்றுவரை எந்தத் தேவாங்கும் குதித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கையை வைத்து, கிளையை அழுத்திப் பார்த்து, அது தாங்கும் என்று தெரிந்த பிறகே மறுகையை எடுக்கும். இரை தேடித் திரும்புகிற தாயைப் பார்த்ததும் பிள்ளை கையை நீட்டும். அந்த இடத்தில் தாய் அப்படியே நின்றுவிடும். தன் மனசு துள்ளி அடங்குகிறவரைக்கும் நின்று, அப்புறம்தான் அடுத்த கையை எடுத்து வைக்கும்.