எந்தக் கூடையிலும் சேராத பூ

“மனசுக்கு அமைதி வேணும் தாயி” என்றார் வீரணன்.

இருளாயி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“கீழ என்னத்த விட்டுட்டு வந்தீங்க பெரியவரே?”

“ஒண்ணும் விடல.”

“அப்ப அமைதியாத்தான இருக்கணும்?”

வீரணனுக்கு அறுபத்திரண்டு வயது. போடியில் நாற்பது வருடம் ஏலக்காய் தரம் பிரித்தவர். ஒரு கை அள்ளினால் போதும், எது முதல் தரம், எது கழிவு என்று விரலே சொல்லிவிடும். அவர் பிரித்த மூட்டையை யாரும் மறுபடி பிரித்துப் பார்த்ததில்லை. மடத்துக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. மலை உச்சியில் ஓடு வேய்ந்த சின்ன மடம். உள்ளே ஒரு அம்மன், ஒரு சிவன். இரண்டு பேருக்கும் பூப் போடுவார், ஏறி வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். அவர் உபதேசம் செய்து கேட்டவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

வீரணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“மக எழுதினது. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரனக் கட்டிக்கிட்டா. நம்ம ஆளும் இல்ல, நம்ம பாஷையும் இல்ல. எனக்கு மகளே இல்லன்னு சொல்லிட்டேன். இப்ப ஆம்பளப் புள்ள பெறந்திருக்காம்.”

“என்ன எழுதியிருக்கு?”

“நான் வந்து பேர் வச்சாத்தான் பேராம். அதுவரைக்கும் புள்ளைக்குப் பேரே கெடையாதாம். என்ன திமிரு பாருங்க தாயி.”

குரல் நடுங்கியது. கோபத்தால்தான் நடுங்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“உங்க பேரு?”

“வீரணன்.”

“யாரு வச்சது?”

“எங்க தாத்தா பேரு தாயி. என்னைய மடியில போட்டு, அவரே காதுல மூணு தடவ சொன்னாராம்.”

அம்மா எழுந்து போய் இரண்டு கூடைகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“காட்டுக் காசித்தும்பை பூத்துக் கெடக்கு. செவப்பு அம்மனுக்கு, வெள்ளை சிவனுக்கு. பிரிச்சுக் கொண்டாங்க. உங்களுக்குத்தான் பிரிக்கத் தெரியுமே.”

கிழக்குச் சரிவில் சிவப்பு. இலை சொரசொரவென்று இருந்தது. மேற்குச் சரிவில் ஈரப் பாறை முழுக்க வெள்ளை. அதன் இலை வழவழப்பு. வீரணனுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் திரும்பி வந்தபோது கூடைகளோடு துண்டிலும் கொஞ்சம் கட்டிக்கொண்டு வந்தார்.

“இது என்ன தாயி? செவப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. இலைய மேல தொட்டா சொரசொர, அடியில வழவழ. எந்தக் கூடையிலயும் சேர மாட்டேங்குது.”

“எங்க கெடந்துச்சு?”

“உச்சியில. ரெண்டு சரிவும் கூடுற எடத்துல.”

“யாரு நட்டா?”

“யாரும் நட்ட மாதிரி தெரியல.”

“அப்ப தேனீ போயிருக்கும். இங்கயும் அங்கயும்.”

“அதுக்கு வித்தியாசம் தெரியாதா?”

“உங்க அளவுக்குத் தெரியாது.”

வீரணனுக்குச் சுருக்கென்றது. “சரி, இத எந்தச் சாமிக்குப் போட?”

“பிரிக்கிறவரு நீங்க.”

மடத்துக்குப் பக்கத்தில் தங்குவதற்கு அம்மா கொடுத்திருந்த குடிசையின் வாசலோரம் அவர் அதை வீசினார். மறுநாளும் வீசினார். பூக்காலம் முடியும்வரை தினமும் வீசினார். காசித்தும்பைக் காய் பொல்லாதது. தொட்டாலே வெடித்து விதையைத் தெறிக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை. தன் கை சுத்தமாகப் பிரிக்கிறது என்ற திருப்தியில் இருந்தார்.

கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. அமைதியும் வரவில்லை. கீழேயும் போகவில்லை.

அடுத்த ஆடியில், போடி விலாசத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு, மகளிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது.

‘நடக்க ஆரம்பிச்சுட்டான். குட்டின்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குறான்.’

அவ்வளவுதான் எழுதியிருந்தது. வீரணன் அதை அம்மாவிடம் காட்டவில்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆவணியில் மழை விட்ட ஒரு காலை, கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலைச் சுற்றி இடுப்பளவுக்குப் பூ.

மளமளவென்று பிடுங்கிக் கூடையை நிரப்பினார். உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார். கொஞ்சம் சிவந்தது ஒரு பக்கம், கொஞ்சம் வெளுத்தது ஒரு பக்கம். சிவந்ததில் சிலவற்றுக்கு வழவழ இலை. அதைத் தனியாக வைத்தார். வெள்ளையில் ஒன்றுக்கு நடுவில் மட்டும் சிவப்பு. அதையும் தனியாக வைத்தார். நான்கு குவியல் ஏழாயிற்று, ஏழு இருபதாயிற்று. வெயில் உச்சிக்கு வரும்போது குவியலுக்கு ஒரு பூ என்று ஆகிவிட்டது. ஒன்றைப் போல ஒன்று இல்லை.

எல்லாவற்றையும் கூடையில் அள்ளிப் போட்டு மடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

“பிரிக்க முடியல தாயி. நாப்பது வருஷத்துல இதுதான் மொதத் தடவ.”

அம்மா ஒரு கை அள்ளி அம்மனுக்குப் போட்டார். இன்னொரு கை அள்ளிச் சிவனுக்குப் போட்டார்.

வீரணன் பதறிப்போனார். “இன்னும் பிரிக்கலியே தாயி!”

“சாமி ஏதாச்சும் சொல்லுச்சா?”

சாமிகள் இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வீரணன் கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்தார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. இதை ஒரு வருடமாக அவர் பார்க்கவே இல்லை.

“இதுக்குப் பேர் என்ன தாயி?”

“பேர் இல்ல.”

“அதெப்படி? போன வருஷமே பூத்துச்சு. இந்த வருஷம் என் வாசலுக்கே வந்து நிக்கிது. இன்னுமா ஒருத்தரும் பேர் வைக்கல?”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

கையிலிருந்த பூ கீழே விழுந்தது. வீரணன் அழுதார். சட்டைப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். அம்மா தடுக்கவில்லை. மிச்சப் பூவை இலையில் வைத்துப் பொட்டலமாகக் கட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து வீரணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பக்கம் போற பஸ் எத்தன மணிக்குத் தாயி?”

“ரெண்டு மணிக்கு” என்று பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார் அம்மா. “மூணு தடவ சொல்லணும். மறந்துராதீங்க.”