நூறாவது குறி

மழை அதிகம் பெய்யும் ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று வைத்தியம் பார்த்து வந்தது. எந்த வேர் எந்த நோய்க்கு ஆகும் என்று தேடித் தேடிப் பார்க்கும். பலித்த மருந்தை, உதிர்ந்த தன் முள்ளாலேயே மரப்பட்டையில் கீறி வைக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. எழுதியதைப் பார்த்து மருந்து செய்தவர்கள், அந்த எழுத்துக்குக் கீழே நகத்தாலோ குளம்பாலோ ஒரு குறி வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள் குரங்கு எல்லாக் குறிகளையும் எண்ணும். அதிகக் குறி வாங்கிய வைத்தியரைப் பெரிய பாறையில் ஏற்றி உட்கார வைப்பார்கள்.

முள்ளம்பன்றி ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. வருடா வருடம் கரடி வைத்தியர்தான்.

ஒரு நாள் முள்ளம்பன்றி நீலக்கொடி வேரில் காய்ச்சலுக்கு நல்ல மருந்து கண்டுபிடித்தது. அதை எழுதப் போனபோது குரங்கு கிளையிலிருந்து குதித்தது.

"முழுசையும் ஒரே மரத்துலயா எழுதப்போறீர் வைத்தியரே? அதான் கரடி பாறையில உக்காந்து தேன் நக்குறார், நீர் கீழ நின்னு கை தட்டுறீர்!"

"வேற என்ன செய்யச் சொல்றே?"

"எந்த வேருன்னு ஒரு மரம். எவ்வளவு அரைக்கணும்னு ஒரு மரம். காயவைக்கிறதுக்கு ஒரு மரம். ஒரு மருந்துக்கு மூணு குறி!"

"மூணு மரத்தையும் தேடிப் போவாங்களா?"

"போகாம? உயிர் வேணுமே!"

அந்த வேரை மூன்று நாள் வெயிலில் காயவைக்காமல் கொடுத்தால் கண் போய்விடும். அது முள்ளம்பன்றிக்குத் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்தது. ஆனால் பாறையும் ஞாபகம் வந்தது. முதல் இரண்டை ஓடைக்கு இந்தக் கரையில் இரண்டு மரங்களில் எழுதியது. காயவைப்பதை அந்தக் கரையில் ஒரு மரத்தில் எழுதியது.

குறி எண்ணும் நாள் நெருங்கியது. பக்கத்துப் புதரில் இருந்த சருகுமானின் குட்டிக்குக் காய்ச்சல் கொதித்தது.

"அண்ணே! அண்ணே!" என்று சருகுமான் ஓடி வந்தது. முள்ளம்பன்றி வளையில் இல்லை. தன் குறிகளை எண்ணிப் பார்க்க மரம் மரமாகப் போயிருந்தது.

சருகுமான் இந்தக் கரையில் இருந்த இரண்டு மரங்களையும் படித்தது. இன்னொரு மரம் இருப்பது அதற்கு எப்படித் தெரியும், பாவம். பச்சை வேரை அரைத்துக் கொடுத்துவிட்டது.

காய்ச்சல் இறங்கியது. குட்டி தூங்கி எழுந்து, "அம்மா, இன்னும் விடியலையா?" என்று கேட்டது.

சூரியன் உச்சியில் நின்றது.

மறுநாள் குரங்கு எண்ணியது. கரடிக்குத் தொண்ணூற்றொன்பது. முள்ளம்பன்றிக்குத் தொண்ணூற்றெட்டு. அப்போது சருகுமான் மெல்ல வந்து, ஒரு மரத்தில் குளம்பைப் பதித்தது. பிறகு அடுத்த மரத்தில்.

"தொண்ணூற்றொன்பது... நூறு!" என்று குரங்கு குதித்தது.

"குட்டிக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சா தங்கச்சி?" என்றது முள்ளம்பன்றி, சந்தோஷமாக.

"இறங்கிடுச்சு அண்ணே. கண்ணுதான் போயிடுச்சு."

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் அடங்கிப் போயின. "வேரைக் காயவைக்கலையா?"

"நான் பார்த்த மரத்துல அப்படி இல்லையே அண்ணே."

"அப்புறம் ஏம்மா குறி வெச்சே?"

"செஞ்சு பார்த்தவங்க வைக்கணும்னுதானே வழக்கம். நல்லதாச்சா கெட்டதாச்சான்னு யாரும் கேக்கறதில்லையே."

எல்லோரும் முள்ளம்பன்றியைத் தூக்கிப் பாறையில் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் காடு முழுக்கத் தெரியும். தாயின் வயிற்றில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தடுக்கித் தடுக்கி நடக்கும் குட்டியும் தெரிந்தது.

முள்ளம்பன்றி இறங்கி வந்தது. மருந்து முழுவதையும் ஒரே மரத்தில் எழுதியது. மற்ற மரங்களில் தன் எழுத்தைச் சுரண்டி எடுத்தது. ஆனால் அந்த நூறாவது குறியின் மேல் முள்ளை வைக்க அதற்குக் கை வரவில்லை. மரம் பருக்கப் பருக்க, அந்தச் சின்னக் குளம்புத் தடமும் பெரிதாகிக்கொண்டே போனது.

நீதி: பெயர் வாங்குவதற்காக நல்லதைப் பாதி பாதியாகச் சொல்லாதே, பாதியை நம்பினவருக்கு அதுவே கேடாகும்.