சிங்கராயனைப் பார்க்க வந்தவர்கள்

குளத்தங்கரைப் பாறைச் சரிவில் ஒரு பெரிய வளை இருந்தது. அதில் சொர்ணவல்லி என்ற முள்ளம்பன்றியும் சிங்கராயன் என்ற நாயும் குடியிருந்தார்கள். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். சிங்கராயனுக்குக் கால் நான்கும் ஒரு சாண் உயரம்கூட இல்லை. முதுகு மட்டும் பெஞ்சு மாதிரி நீளம். அவனுடைய முன்பாதி வளைக்குள் போய்ப் படுத்துத் தூங்கிய பிறகுதான் பின்பாதி வாசலுக்கு வந்து சேரும் என்று குரங்குகள் கேலி பேசும்.

எங்கிருந்தோ வழி தவறிக் காட்டுக்குள் வந்த நாய் அவன். மழையில் நடுங்கிக்கொண்டு நின்றவனைச் சொர்ணவல்லிதான் உள்ளே கூப்பிட்டாள். அதுவரை அவளுக்குத் துணையென்று யாரும் கிடையாது. முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் படுக்க யார் வருவார்கள்? சிங்கராயன் வந்து படுத்தான், நாலு முள் குத்து வாங்கினான், கொஞ்சம் தள்ளிப் படுத்தான். அன்றிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டான், அவள் அவனைத் தம்பி என்றாள்.

சிங்கராயனிடம் ஒரு குணம் உண்டு. யாராவது வந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. எழுந்து ஓடி, வாலை ஆட்டி, முகத்தை நக்கி வரவேற்றால்தான் மனசு ஆறும். வந்தது யானையானாலும் சரி, தவளையானாலும் சரி. முகத்தை நக்குவது தவளைகளுக்குத் துளியும் பிடிக்காது. ஆனால் அதைச் சொல்ல அவன் எந்தத் தவளைக்கும் அவகாசம் கொடுத்ததில்லை.

ஒருநாள் காலையில் அவன் பாறை உச்சியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். கீழே மான்கள் தண்ணீர் குடிக்க வந்தன. அவனைப் பார்க்க வரவில்லை. அவன் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. சிங்கராயனுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. "வாங்க, வாங்க!" என்று உச்சியிலிருந்தே ஒரே தாவலாகத் தாவினான்.

தொப்பென்று விழுந்தான். விழுந்தவன் எழுந்து ஓடப் பார்த்தான். முன்கால்கள் ஓடின. பின்கால்கள் வரவில்லை. வாலும் அசையவில்லை. மான்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயின. மான்கள் தன்னைத் தவறாக நினைத்துக்கொண்டிருக்குமே என்று அந்த நிலையிலும் அவனுக்கு வருத்தம்.

சொர்ணவல்லி பதறிப்போய் மலைப்பாம்பு வைத்தியரைக் கூட்டி வந்தாள். எலும்பு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அந்தக் காட்டில் அவர்தான். "என் உடம்பே முழுக்க முதுகெலும்பு. முதுகைப் பத்தி எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவர் வாய்க்குப் பக்கத்தில் நின்று மறுத்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்?

வைத்தியருக்குக் கையில்லாததால் கம்பவுண்டராக ஒரு நண்டை வைத்திருந்தார். "கம்பவுண்டர், பின்கால் விரலைப் பிடிங்க" என்றார். நண்டு கொடுக்கால் அழுத்திக் கிள்ளியது. சிங்கராயன் குளத்து வாத்தெல்லாம் பறந்து ஓடும்படி ஊளையிட்டான்.

"வலிக்குதா?"

"உயிர் போகுது!"

"ரொம்ப நல்லது" என்று வைத்தியர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பிறகு நிதானமாக விளக்கினார். முதுகெலும்புக்குள்ளே ஒரு நரம்புத் தண்டு ஓடுகிறது. நட என்று தலை போடும் உத்தரவு அதன் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒன்று உண்டு. குதித்த குதியில் அந்த மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. பாதையில் மரம் விழுந்து கிடக்கிற மாதிரிதான். காலில் ஒரு கோளாறும் இல்லை, உத்தரவுதான் போய்ச் சேரவில்லை. ஆனாலும் விரலில் கிள்ளிய வலி தலைவரைக்கும் வருகிறதென்றால் பாதை அடியோடு மூடிவிடவில்லை என்று அர்த்தம்.

மருந்து என்ன என்று சொர்ணவல்லி கேட்டாள்.

"அசையாமக் கிடக்கணும். நான் ஒரு பன்னிய முழுங்கிட்டு எப்படிக் கிடப்பேனோ, அப்படி. நாவல் மரம் இப்பத்தான் பூத்திருக்கு. பழம் உதிர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது, குதிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பன்றி விழுங்காத ஒரு நாயை அசையாமல் கிடத்துவது எத்தனை பெரிய பாடு என்று அவருக்கு எங்கே தெரியும்?

சொர்ணவல்லி சருகைக் குவித்து மெத்தை போட்டாள். வாயில் தண்ணீர் கொண்டு வந்து ஊட்டினாள். அடியில் இலையைப் போட்டு, நனைந்ததும் மாற்றினாள். இதுவரை காட்டில் ஒரு மரம் விடாமல் கால் தூக்கிவிட்டு வந்த சிங்கராயனுக்கு அதுதான் பெரிய அவமானம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அக்கா, இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்பான். அவளும் சொல்லவில்லை. (நாம் சொல்லிவிட்டோம். சிங்கராயன் மன்னிக்கட்டும்.)

அடுத்த நாளே விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்தக் காட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எல்லாரும் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் நாளைக்கு முகத்தில் முழிக்க முடியாது. வெறுங்கையோடும் போகக் கூடாது. குரங்குக் குடும்பம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கிளம்பி, வழியில் பசித்ததால் தோலோடு வந்து சேர்ந்தது. வந்ததும் மூத்த மந்தி நாயின் தலைமாட்டில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டது.

"எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு."

"இப்ப எப்படி இருக்காரு?" என்று சிங்கராயன் ஆசையாகக் கேட்டான்.

"அவரு எங்க இருக்காரு, போய்ச் சேர்ந்துட்டாரு. நீ கவலைப்படாத" என்று மந்தி அவன் தலையைத் தடவிக் கொடுத்தது.

மயில் வந்து, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான், எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனது. காட்டுப்பன்றி கழுத்துவரை சேற்றில் புதைத்து வைக்கச் சொன்னது. அதற்கு எல்லா வியாதிக்கும் அதுதான் வைத்தியம், வியாதி இல்லாவிட்டாலும் அதுதான். நரி ஒன்றும் சொல்லவில்லை. வளைக்குள் தின்ன என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே துழாவிவிட்டுப் போனது.

இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொருவர் வரும்போதும் சிங்கராயன் எழுந்திருக்கப் பார்த்தான். வீடு தேடி வந்தவர்களைப் படுத்துக்கொண்டே பார்ப்பதா? முன்கால்களை ஊன்றி, பின்பாதியை இழுத்துக்கொண்டு, வாசல்வரை தவழ்வான். "தம்பி, வேண்டாம்" என்று சொர்ணவல்லி கெஞ்சுவாள். ஆனால் வந்தவர்களிடம் போய்விட்டு வாருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆயுசில் முதல் தடவையாக அவள் வளைக்கு நாலு பேர் வருகிறார்கள். தோண்டி வைத்த கிழங்கையெல்லாம் எடுத்து வைத்து உபசரித்தாள். கிழங்கு நன்றாக இருக்கிறது என்று பேர் பரவி, பார்த்துவிட்டுப் போனவர்களே மறுபடியும் பார்க்க வந்தார்கள்.

ஒருநாள் கரடி மாமா தேனடையோடு வந்தார். நல்ல மனசுக்காரர், அன்பு வந்தால் கட்டிப் பிடித்துவிடுவார். அவர் குரல் கேட்டதுமே சிங்கராயன் எம்பினான். மாமா அவன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, "சுளுக்குத்தான், ஒரே உலுக்குல எடுத்துருவேன்" என்று ஓர் உலுக்கு உலுக்கினார். வளைக்குள் ஏதோ முறிந்தது போல ஒரு அலறல் எழுந்தது. மாமா பயந்துபோய்த் தேனடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

மறுபடியும் வைத்தியர் வந்தார். நண்டு கிள்ளியது. சிங்கராயன் பேசாமல் கிடந்தான். நண்டு இன்னும் அழுத்திக் கிள்ளியது. "ஏதோ தொடுற மாதிரி இருக்கு" என்றான்.

வைத்தியர் சொர்ணவல்லியை வெளியே கூப்பிட்டார். "அம்மா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்தக் கொஞ்ச உணர்ச்சியும் போயிரும். அப்புறம் அவன் ஆயுசுக்கும் நடக்க மாட்டான். என்னைக் கூப்பிட்டும் புண்ணியம் இல்ல."

அன்று சொர்ணவல்லி குளத்தங்கரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு எழுந்து வந்து வளை வாசலில் உட்கார்ந்தாள். முகத்தை உள்ளேயும் முதுகை வெளியேயும் வைத்துக்கொண்டு, முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டாள். விசாரிக்க வந்தவர்களுக்கு முள் மட்டும்தான் தெரிந்தது.

"பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று குரங்குகள் சொன்னதற்கு முள் கலகலத்தது. கிழங்கு உண்டா என்று கேட்டதற்கும் அதே பதில். கரடி மாமா மன்னிப்புக் கேட்கத் தலையை நீட்டி, மூக்கு நிறைய முள்ளோடு திரும்பினார். சொர்ணவல்லிக்கு உள்ளூர வெட்கமும் வேதனையும் பிடுங்கித் தின்றன. இனி ஒருவரும் தன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நகரவில்லை.

உள்ளே சிங்கராயன் கேட்பான், "அக்கா, இன்னைக்கு யாராவது வந்தாங்களா?"

வந்தார்கள் என்று சொன்னால் எழுந்துவிடுவானே. "யாரும் வரல தம்பி, தூங்கு" என்பாள்.

"நேத்தும் வரலையா?"

"வரல."

வெளியே யாரோ பேசுகிறார்களே என்று கேட்டால், காற்று என்பாள். காற்று எப்படி அக்கா மந்தி குரலில் இருமும் என்று கேட்டால், இந்தப் பக்கத்துக் காற்று அப்படித்தான் என்பாள். அவன் நம்பினான். நம்பியதால்தான் அவனுக்கு நெஞ்சே உடைந்துபோனது. இந்தக் காட்டில் தனக்கென்று ஒரு ஜீவன் இல்லையா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆனால் அசையாமல் கிடந்தான். எழுந்து போய் வரவேற்க யாரும் இல்லையே.

நாவல் பூ பிஞ்சானது, பிஞ்சு காயானது, காய் கறுத்துப் பழமானது.

வெளியே வேறொரு கதை பழுத்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி நாயைத் தின்றுவிட்டது, அதனால்தான் யாரையும் விடவில்லை என்று நரி கிளப்பிவிட்டது. முள்ளம்பன்றி கிழங்குதானே தின்னும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கிழங்கு கிடைக்காத கோபம் அவரவருக்கு. ஒருநாள் மொத்தக் காடும் வாசலில் திரண்டது. நரி எல்லாருக்கும் முன்னால் நின்று கத்தியது.

"சிங்கராயா, உசுரோட இருக்கியா? தினம் தினம் உன்னைப் பார்க்க வர்றோம். இவ விடமாட்டேங்குறா!"

உள்ளே அதைக் கேட்ட சிங்கராயனுக்குக் கண் சிவந்தது. யாரும் வரவில்லை என்று அக்கா சொன்னதெல்லாம் பொய்யா? தன்னைத் தேடி வந்தவர்களையெல்லாம் விரட்டினாளா? அவன் வாசலுக்கு வந்து நின்றான்.

"பொய்தானே சொன்னீங்க? வந்தவங்களை எல்லாம் துரத்தி விட்டீங்கல்ல? உங்களை யாருக்கும் பிடிக்காதுன்னா எனக்கும் யாரும் இருக்கக் கூடாதா? போங்க, வெளிய போங்க!"

அது சொர்ணவல்லியின் சொந்த வளை. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னது வலித்ததா என்றால், நண்டு கிள்ளியதைவிட அதிகமாக வலித்தது. ஆனால் அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"தம்பி, நீ நிக்கிறடா."

சிங்கராயன் குனிந்து பார்த்தான். நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருந்தன. பின்கால்கள் கள் குடித்தவன் கால் போல ஆடின, ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஆனாலும் நின்றன. கோபத்தால் வந்த குணம் அல்ல அது. இத்தனை நாள் அசையாமல் கிடந்ததில் பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தது. எழுந்து பார்க்க அவனுக்கு ஒரு காரணம்தான் இல்லாமல் இருந்தது.

காடே ஆரவாரம் செய்தது. தன் உலுக்கு வேலை செய்துவிட்டது என்றார் கரடி மாமா. வாழைப்பழத் தோலின் சத்து என்றது மந்தி. நடந்தால் சரியாகிவிடும் என்று தான் அப்போதே சொன்னதாக மயில் எல்லாரிடமும் சொன்னது. காட்டுப்பன்றி மட்டும், சேற்றில் புதைத்திருந்தால் இன்னும் நன்றாக நின்றிருப்பான் என்று குறைப்பட்டது. பிறகு எல்லாரும் கட்டிப் பிடித்துப் பாராட்ட ஒரே மூச்சாக வாசலை நோக்கி ஓடி வந்தார்கள்.

சிங்கராயனுக்கு ஓடிப்போய் வரவேற்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஆடும் பின்கால்களைப் பார்த்தான். விரித்த கைகளோடு வரும் கரடி மாமாவைப் பார்த்தான். ஓரமாக ஒதுங்கி, வெளியே கிளம்பத் தயாராக நின்ற சொர்ணவல்லியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மெதுவாக உள்ளே போய்ச் சருகு மெத்தையில் படுத்துக்கொண்டான்.

"அக்கா, எங்கயும் போயிராதீங்க" என்றான். "வாசல்ல பழையபடி கொஞ்சம் திரும்பி உக்காருங்க."

உடம்பு முடியாமல் கிடப்பவனைப் பார்க்க ஊரே வந்து போகும், ஆனால் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு அவனுக்காக வாசலை மறிக்கிறவர்தான் உண்மையான உறவு.