எல்லாருக்கும் கேட்ட இரைச்சல்

பேராசிரியர் தாண்டவராயனின் பட்டங்களை எழுதிய பலகை, சுவர் போதாமல் மூலை திரும்பிப் போகும். குடும்ப டாக்டர்களுக்கான பயிற்சியில் அவர் தன் புது ஸ்டெதாஸ்கோப்பை நீட்டினார். “நோயாளி காத்தமுத்துவின் இதயத்தில் ஓர் இரைச்சல் இருக்கிறது. அது கேட்காதவருக்குச் சான்றிதழ் கிடையாது. கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான்!”

முப்பத்தொன்பது டாக்டர்கள் வரிசையாக வைத்துப் பார்த்து, “பிரமாதமாக் கேட்குது சார்!” என்றார்கள்.

கடைசியாக வந்தவர் மலையடிவாரத்து டாக்டர் செங்கமலம். அவர் காதில் ஒரு சத்தமும் விழவில்லை; உதட்டைப் பிதுக்கினார்.

“என்னம்மா, ஆடுமாடுகளுக்கு நடுவிலே இருந்து காது மந்தமாகிவிட்டதா?” என்றார் பேராசிரியர்.

“இரைச்சலை விடுங்க சார், துடிப்பே கேட்கல. இவர் காலமாயிட்டார். வீட்டுக்குச் சொல்லி அனுப்பிடலாம்.”

“ஐயோ, நான் இன்னும் சாப்பிடவே இல்லைம்மா!” என்று காத்தமுத்து துள்ளி எழுந்தார்.

பதறிய பேராசிரியர் தானே வைத்துப் பார்த்தார். கப்சிப். கருவியின் முனை காலையிலிருந்தே தப்பான பக்கம் திரும்பியிருந்தது! அசடு வழிய அதைச் சரிசெய்துவிட்டு, முதல் சான்றிதழைச் செங்கமலத்திடம் கொடுத்தார்.

மறுபடி வரிசை நின்றது. இந்தத் தடவை பதினோரு பேர் கூசாமல், “கேட்கல சார், எங்கே வைக்கணும்?” என்றார்கள். பேராசிரியர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒவ்வொருவர் கையாகப் பிடித்து வைத்துக் காட்டினார்.